முதல் மூன்று நாள் டிக்கெட் யாருக்காக?

கேள்வி: எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். கணவர் சொந்தமாகத் தறி ஓட்டுகிறார். மகன்கள் இரண்டு பேரும் கல்லூரியில் படிக்கிறார்கள். பெரிய நடிகர் படம் வந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேரும் முதல் மூன்று நாளுக்குள் போயாக வேண்டும் என்பது மகன்களின் பிடிவாதம். டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று இரண்டாயிரம் ரூபாய் காலி. சமீபத்தில் பார்த்ததில் பாதி இரண்டாம் பாகம், மீதியில் பழைய பாட்டும் பழைய வசனமும். நன்றாக இல்லை என்று சொன்னால் ‘உனக்கு ரசனை இல்லம்மா’ என்கிறார்கள். ஏற்காடு ரோட்டில் போகும்போதெல்லாம் என் அப்பா மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி அந்தக் காலப் படங்களைப் பற்றிச் சொல்லுவார். இப்போது எடுப்பவர்கள் தரம் தருகிறார்களா, பழைய பேரை வைத்தே ஓட்டுகிறார்களா? இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. பெரிய படங்களில் கணிசமானவை பழைய பேரை வைத்துத்தான் ஓடுகின்றன. அப்படி ஓட முடிவதற்கு நாம் டிக்கெட் எடுக்கிற நேரமும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமைக் காட்சிக்குப் புதன்கிழமையே முன்பதிவு செய்கிறோம். அப்போது ஊரில் யாரும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நடிகரின் போன படமும் அதற்கு முந்தின படமும் பிடித்திருந்ததால்தான் பணம் கட்டுகிறோம். ஆக, முதல் மூன்று நாள் கூட்டம் பழைய படத்துக்கு விழுகிற மார்க். புதுப் படத்தின் மார்க் திங்கட்கிழமைதான் தெரிய ஆரம்பிக்கும். பெரிய நடிகர் படமென்றால் ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ உரிமைகள் பெரும்பாலும் ரிலீசுக்கு முன்பே விலை பேசி முடிந்துவிடும். தியேட்டர் வசூலிலும் விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரம்தான் அதிகம், வாரம் ஆக ஆகக் குறையும். இந்தக் கணக்கில் இரண்டாம் பாதி திரைக்கதைக்கு ஆறு மாதம் கூடுதலாக உட்காருங்கள் என்று யாரும் யாரையும் நெருக்கப் போவதில்லை. டீசரில் பழைய பின்னணி இசை ஒலித்தால் முன்பதிவு நிரம்பிவிடுகிறது.

உங்கள் அப்பா சொன்னது வெறும் ஊர்ப் பாசம் என்று நினைக்காதீர்கள். டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் நடத்திய அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, படங்களை வரிசையாக, கறாரான திட்டத்தோடு எடுத்துத் தள்ளிய இடம். ஜெயித்த ஒரே மாதிரிக் கதையைத் திரும்பத் திரும்ப எடுப்பது அவருக்கு எளிது. ஆனால் 1950-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் குண்டலகேசிக் கதையை வைத்து ‘மந்திரி குமாரி’, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து ‘பொன்முடி’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து ‘திகம்பர சாமியார்’. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, சமகாலக் கவிஞரின் காவியம், துப்பறியும் நாவல் என்று மூன்றும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தன. மூன்றாவதில் நாயகனாக வந்தவர் நம்பியார்! 1956-ல் அலிபாபா கதையை எடுத்தார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்கிறார்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். அவரோ அதைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்தார். தெரிந்த கதைக்கு வந்தவர்களுக்கும் அதுவரை பார்க்காத ஒன்று கிடைத்தது. நட்சத்திரத்தை வைத்து எடுப்பதில் தப்பில்லை, அதற்கு மேல் என்ன தருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் காலத்திலும் சுமாரான படங்கள் நிறைய வந்தன. அவை மறந்துபோயின, நல்லவை மட்டும் அப்பாக்களின் வாயில் மிஞ்சின. அதையும் நினைவில் வையுங்கள்.

பழைய பாட்டு வந்தாலே கோபப்படவும் வேண்டாம். 2024-ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் விஜயகாந்தின் ‘நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்’ பாட்டு வருகிறது. 1989-ல் வந்த பாட்டு. கெத்து என்ற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர், அவர் மட்டையோடு மைதானத்தில் இறங்கும்போது அந்தப் பாட்டு அவருடைய குணத்தையே சொல்லிவிடுகிறது. கதைக்கு உழைக்கிற பாட்டு அது. பார்த்தவர்கள் வாயால் சொல்லித்தான் அந்தப் படத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. கதை திணறுகிற இடத்தில் விசில் வாங்குவதற்காகப் பழைய பாட்டைப் போடுகிறவர்கள் வேறு. அந்தக் காட்சியில் பழைய பாட்டையும் பழைய வசனத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று மகன்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல பையன்கள் யோசிப்பார்கள்.

அதே 2024-ல் ‘கில்லி’யை மறுபடி வெளியிட்டபோது தியேட்டர்கள் நிரம்பின. இருபது வருடப் பழைய படம், அதுவும் தெலுங்கிலிருந்து எடுத்த ரீமேக். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனவர்களுக்குத் தாங்கள் எதை வாங்குகிறோம் என்று தெரியும். ஒட்டடை அடித்த பழைய வீட்டைப் புது வீடு என்று விற்கிற வேலை அங்கே நடக்கவில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். ‘இனி வரமாட்டேன்’ என்று சொல்லாதீர்கள். அந்த வயதில் முதல் நாள் காட்சி என்பது படம் மட்டும் கிடையாது. பாலாபிஷேகம், விசில், சிநேகிதர்கள் எல்லாம் சேர்ந்த திருவிழா அது. அதை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் திருவிழாவுக்கு மாமியாரும் நீங்களும் கட்டாயம் போக வேண்டியதில்லையே! பிள்ளைகள் முதல் நாள் சிநேகிதர்களோடு தங்கள் கைச்செலவுக் காசில் போகட்டும். காசு தங்களுடையது என்றால் அவர்களே தேர்ந்தெடுத்துப் போக ஆரம்பிப்பார்கள்.

குடும்பத்துக்கு ஒதுக்கிய இரண்டாயிரத்தை அப்படியே வைத்திருங்கள். தறியில் உட்கார்ந்து சம்பாதித்த பணம், அவசரத்தில் போக வேண்டாம். திங்கள், செவ்வாய் வரை பொறுத்து, பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரிடம் விசாரியுங்கள். படம் பரவாயில்லை ரகம் என்றால் நாலு வாரத்தில் பெரும்பாலும் ஓடிடிக்கே வந்துவிடும். மாமியாருக்கும் அதுதான் வசதி, கால் நீட்டிப் பார்க்கலாம். நன்றாக இருக்கிறது என்றால் புதன்கிழமைக்கு ஐந்து டிக்கெட் எடுக்கலாமா என்று மகன்களிடமே கேளுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் இரண்டாம் முறையும் உங்களோடு உட்காரத் தயார் என்றால் அந்தப் படத்துக்கு நம்பிப் போங்கள். ‘நீங்க போயிட்டு வாங்கம்மா’ என்று நழுவினால் பணத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிடுங்கள்.