கடலோர அடுக்குமாடி வடிவமைக்க ஆசைப்படும் மகளுக்கு

ஐயா, ஸ்பெயின் கடற்கரையில் அடுக்குமாடி வீடுகள் வடிவமைக்க வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வது நல்ல ஆசை. ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே அனுப்பாதீர்கள். அங்கே கட்டடக்கலைப் பட்டம் 5 ஆண்டு, தொழில் உரிமைக்கான முதுநிலை இன்னும் 1 ஆண்டு. இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலோ கத்தலான் மொழியிலோதான். இங்கேயே நாட்டா (கட்டடக்கலை நுழைவுத்தேர்வு) எழுதி பி.ஆர்க். முடிக்கட்டும், மேற்படிப்புக்குப் போகலாம். இத்தாலியின் மிலான் பாலிடெக்னிக்கில் ஆங்கிலவழி முதுநிலை உண்டு. நம் பட்டத்தை ஸ்பெயின் அரசு அங்கீகரிக்கும்வரை தன் பெயரில் அவள் வரைபடத்தில் கையெழுத்திட முடியாது. அடுத்தவர் அலுவலகத்தில்தான் வேலை. இதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

சேர்க்கைக்குக் காட்டும் வரைபடத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பலர் சறுக்குகிறார்கள். நீலக்கடலும் வெள்ளைச் சுவருமாகக் கணினிப் படங்களை அடுக்கிவிடுகிறார்கள். ஸ்பெயின் கடலோரக் கால்பே ஊரில் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்து 1973இல் முடிந்த 'லா முரால்யா ரோஹா' அடுக்குமாடியின் சிவப்பை எல்லோரும் நகலெடுக்கிறார்கள். 60, 80, 120 சதுர மீட்டர் என மூன்று அளவுகளில் 50 வீடுகளை முற்றங்களையும் படிக்கட்டுகளையும் சுற்றி அவர் எப்படிக் கோத்தார் என்று வரைந்து பார்ப்பவர்கள் குறைவு. படிக்க வேண்டியது அதைத்தான்.

வெயில் கணக்கு இன்னும் முக்கியம். கால்பேயில் ஜூன் உச்சிவெயில் சுமார் 75 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 28. தெற்குப் பக்கம் 1.5 மீட்டர் வெளியே நீட்டிய பால்கனி, கோடையில் தனக்குக் கீழுள்ள கண்ணாடி முழுவதையும் நிழலாக்கும். குளிர்காலத்தில் மேல் 80 சென்டிமீட்டரை மட்டும் மறைத்து, மீதி வெயிலை உள்ளே விடும். மேற்குப் பக்கம் இது பலிக்காது. மாலை வெயில் தாழ்வாக வருவதால் நகரும் மரச்சட்டத் தடுப்பு தேவை.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும். பால்கனி விளிம்புதான் முதலில் பெயரும். அதனால் கம்பிக்குமேல் கான்கிரீட் மூடல் கனமாக வேண்டும், அடிவிளிம்பில் நீர் சொட்டும் பள்ளம் வேண்டும், கைப்பிடிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாது, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகம் வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்: 1988ஆம் ஆண்டின் ஸ்பெயின் கடற்கரைச் சட்டப்படி, கரையை ஒட்டிய 100 மீட்டருக்குள் புதுக் குடியிருப்பு கட்ட முடியாது, அப்போதே நகரமாகியிருந்த நிலத்தில் அது 20 மீட்டர்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மேற்கு ஜன்னலை அவள் அளக்கட்டும். மாலை 3, 4, 5 மணிக்குத் தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்து, அதைக் குறுக்குவெட்டுப் படமாக வரையட்டும். போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கம் அதுவாக இருக்கலாம்.