செயற்கை நுண்ணறிவு வந்தால் ஊழியர்களை எப்படி வழிநடத்துவது?

திருகோணமலையில் சிறு விடுதி நடத்தும் ஒருவர், இதைக் கொண்டுவந்தால் வேலை செய்கிற பிள்ளைகள் பயந்துவிடுவார்களே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

பயம் நியாயமானது. யாருடைய வேலை மாறும், எது மாறாது என்று முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். மறைத்தால் வதந்திதான் வளரும்.

அப்புறம், கணினி எழுதுவதைத் திருத்தும் அதிகாரத்தை அவர்களிடமே கொடுங்கள். இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிலாவெளியில் ஒரு விடுதியில் பார்த்தேன்: டிசம்பரில் வரும் ஒரு குடும்பத்துக்கு, புறாமலைத் தீவுக்குக் காலையில் படகு உண்டு என்று கணினி அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதி வைத்திருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த தங்கச்சி அதை அனுப்பவில்லை. வாடைக்காற்றில் அந்தக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் அப்பா மீனவர். அவள் முதலாளியிடம் கேட்காமலே அதை நிறுத்த முடிந்தது. டொயோட்டா தொழிற்சாலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். அதே எண்ணம்தான்.

பெரிய இடங்களும் இதில் தடுக்கியிருக்கின்றன. சுவீடனின் கிளார்னா என்ற இணையக் கட்டணச் சேவை நிறுவனம், தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் அறிவித்தது. 2025இல் தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு மறுபடி ஆட்களைத் தேடியது.

பயிற்சியை வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு வையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் உடனே ஆளைக் குறைக்காமல், விருந்தினரோடு பேச விடுங்கள்.