கிட்டாருக்கு ரேக் வயர்லெஸ்: தருமபுரி, கிருஷ்ணகிரி மேடைக்காரர்கள் கேட்டவை

இந்த இரண்டு மாவட்டங்களிலும் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தேவாலய ஆண்டு விழா என்று பல வருடமாக பேஸ் வாசிக்கிறேன். கூடவே மற்றவர்களுக்கு ரேக் (கருவிகளைத் திருகி வைக்கும் சட்டப் பெட்டி) கட்டியும் தருகிறேன். வயர்லெஸ் (உடம்பில் மாட்டும் பெல்ட்பேக் கிட்டார் ஒலியைக் கேபிள் இல்லாமல் அனுப்ப, ரிசீவர் அதை வாங்கி ஆம்புக்குக் கொடுக்கும் செட்) வாங்குவது பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மீதிக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அரூர், தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் தம்பி: அண்ணா, எங்கள் மேடை இருபது அடிதான். ஆம்ப் என் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சபையில் ரேக் வயர்லெஸ் வாங்கப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. இருபது அடிக்கு ஒரு நல்ல கேபிள் போதும். நடந்துகொண்டே வாசிக்க ஆசை என்றால் பாஸ் டபிள்யூஎல்-20 மாதிரி கிட்டாரில் நேராகச் செருகும் சின்ன செட் போதுமானது. ரேக் யாருக்குத் தேவை? இரண்டு மூன்று வாத்தியம் ஒரே நேரத்தில் வயர்லெஸில் போகிறவர்களுக்கு, ஆண்டெனாவைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டியவர்களுக்கு, வாரத்துக்கு மூன்று ஊர் வேனில் போய் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் இணைத்தாக வேண்டியவர்களுக்கு. உங்களுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. அந்தப் பணத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு, ஆர்க்கெஸ்ட்ரா பேஸ் கிட்டார்காரர்: சாயங்காலம் ஐந்து மணிக்கு சவுண்ட் செக்கில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஒன்பது மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டு வருகிறது. என்னுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் செட். யுஎச்எஃப்-க்கு (அதைவிடத் தாழ்ந்த ரேடியோ அலைவரிசை) மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் இதற்கு உரிமம் தேவையில்லை. அதனால்தான் வைஃபை, புளூடூத் எல்லாமே அங்கே குடியிருக்கின்றன. ஐந்து மணிக்குப் பந்தலில் நாலு பேர். ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர், ஆயிரம் போன். பாதிப் போனில் புளூடூத், வைஃபை ஓடிக்கொண்டிருக்கும், சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டும் இருக்கும். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைவரிசையை நன்றாகவே உறிஞ்சிவிடும். உங்களுக்கும் ரிசீவருக்கும் நடுவில் கூட்டம் நின்றால், சுவர் எழுப்பியது மாதிரி.

இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் ரிசீவர் எங்கே இருந்தது? மைக் செட்காரரின் மிக்ஸர் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால், நூறு அடி தள்ளி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு திருவிழாவில் ரிசீவரை மிக்ஸர் மேசைக்குக் கீழே வைத்தார்கள். நேரலை ஒளிபரப்புக்கு வைத்திருந்த வைஃபை ரூட்டர் அதே மேசைக்கு மேலே. முதல் பாட்டின் பல்லவியிலேயே பேஸ் காணாமல் போய்விட்டது. ரிசீவரை மேடையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, தலை உயரத்தில், என்னை நேராகப் பார்க்கும்படி வைத்தேன். மீதி மூன்று மணி நேரமும் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின்) கேபிளில் சிக்னல் அனுப்பிவிடலாம். ரேடியோ பாதை குட்டையாக இருக்கட்டும், கேபிள் எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

இதைச் செய்தும் விட்டுப் போனால் யுஎச்எஃப் பாருங்கள். ஷூர் எஸ்எல்எக்ஸ்-டி, சென்ஹைசர் ஈடபிள்யூ-டி இரண்டும் டிஜிட்டல். ரிசீவர் அரை ரேக் அகலம், எந்த இடம் காலி என்று தானே தேடிக் கொடுக்கும். யுஎச்எஃப் அலை உடம்பைத் தாண்டுவதில் 2.4-ஐ விட நிச்சயம் மேல். ஆனால் அதற்கும் எதிரி உண்டு. இப்போதெல்லாம் கல்யாண வரவேற்பில்கூட மேடைக்குப் பின்னால் எல்இடி வால் (விளக்குத் திரைச் சுவர்) வைக்கிறார்கள். சில வால்கள் யுஎச்எஃப்பில் அகலமாக இரைச்சலைக் கக்கும். ஆண்டெனாவை வாலிலிருந்து தள்ளி வையுங்கள். காலி அலைவரிசையைத் தேடும்போது வால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைந்திருக்கும்போது தேடினால் பயனில்லை.

ஓசூர், லீட் கிட்டார்: வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ரேக் செட் ஒன்று பெங்களூரில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. நல்ல கம்பெனி. பின்பக்கம் 740–764 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணைப் படித்துப் பார்த்தீர்களே, அதுவே பாதிப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டது. வாங்காதீர்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வயர்லெஸ் மைக் பயன்படுத்துவதை 2010 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள். 600-லும் பெரும்பகுதியை 2020 ஜூலையோடு மூடினார்கள். அப்படிக் கழித்துவிட்ட செட்கள்தான் பல நாடுகளுக்கு மலிவாகப் போகின்றன. நம் நாட்டில் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸில் ஒரு பகுதியை ஜியோ வாங்கி 5ஜிக்குப் பயன்படுத்துகிறது. அந்த 700 பகுதியில் 703–748 போனிலிருந்து டவருக்கும், 758–803 டவரிலிருந்து போனுக்கும். உங்கள் செட் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. ஓசூர் மாதிரி டவர் நெருக்கமான ஊரில் அது வேலை செய்யும் என்று நம்பி மேடை ஏறாதீர்கள். நீங்கள் வேறு ஒருவரின் போனுக்கு இடைஞ்சல் செய்தால் அது சட்டப்படியும் தவறு.

புது யுஎச்எஃப் செட் வாங்கினாலும் அலைவரிசை எண்ணை முதலில் கேளுங்கள். இந்தியாவுக்கென்று விற்கும் வகைதானா என்று பில் போடும் முன்பே கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். ஒரே மாடல் நாட்டுக்கு ஒரு அலைவரிசையில் வரும்.

தேன்கனிக்கோட்டை, ஐந்து தந்தி பேஸ்: கீழ் பி தந்தி வயர்லெஸில் மெலிந்து போகிறது. டிஜிட்டலுக்குப் போகலாம் என்றால் தாமதம் வரும் என்கிறார்கள்.

பதில்: கீழ் பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ், நாலு தந்தி பேஸின் ஈ 41 ஹெர்ட்ஸ். பழைய அனலாக் செட்களில் ஒலியை அனுப்பும் முன் அமுக்கி, ரிசீவரில் மறுபடி விரிப்பார்கள். பேச்சுக்கு அது போதும். பேஸின் கனமான அடி வந்ததும் இந்த அமுக்கி விரிக்கும் வேலை தடுமாறி, ஒலி மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கும். சில செட்களில் கீழ் ஒலியையே வடிகட்டிவிடுவார்கள். டிஜிட்டலில் இந்த அமுக்கல் இல்லை. பேஸ் வாசிப்பவருக்கு டிஜிட்டல்தான் என் பரிந்துரை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாமதத்துக்கு வருவோம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். ஈடபிள்யூ-டியின் தாமதம் 1.9 மில்லிநொடி, அதாவது ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றது மாதிரி. எஸ்எல்எக்ஸ்-டி 3.2 என்றால் மூன்றரை அடி. டிரம்ஸ்காரர் உங்களுக்கு அதைவிடத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வயர்லெஸ், டிஜிட்டல் பெடல், டிஜிட்டல் மிக்ஸர், காதில் மாட்டும் வயர்லெஸ் மானிட்டர் என்று வரிசையாகப் போட்டால் எல்லாம் கூடும். பத்து மில்லிநொடியைத் தாண்டினால் விரல் சொல்லிவிடும்.

அப்புறம், ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரியில் ஒலியைக் கூட்டும் வகை) என்றால் பெல்ட்பேக்கில் உள்ளீட்டைக் குறைத்து வையுங்கள். பலமாக அடித்துப் பார்த்து, சிவப்பு விளக்கு எரியாத அளவில் நிறுத்துங்கள். மெதுவாக மீட்டிப் பார்த்து செட் செய்துவிட்டு மேடையில் ஓங்கி அடிப்பவர்கள்தான் "வயர்லெஸ் கரகரக்கிறது" என்கிறார்கள்.

கிருஷ்ணகிரி, கிட்டாரும் பாட்டும்: இது வயர்லெஸ் கேள்வியா என்று தெரியவில்லை. ஜெனரேட்டர் மேடையில் பாடும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. இரண்டு தடவை ஆகிவிட்டது. மைக் செட்காரர் "செருப்பு போட்டுக்கோ" என்கிறார்.

பதில்: இந்தப் பக்கத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இசை நன்றாக இருப்பதற்காக, இது உயிருக்காக.

உங்கள் கிட்டாரின் தந்தி பிரிட்ஜ் வழியாக கேபிளின் வெளிப்பின்னலோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் பின்னல் ஆம்பின் இரும்பு உடம்போடு, அது பிளக்கின் எர்த் பின்னோடு. ஆம்புக்கு வரும் எக்ஸ்டென்ஷனில் எர்த் இல்லை என்றால், ஆம்புக்குள் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் தந்தியில் வந்து நிற்கும். மைக் வேறு லைனில் இருக்கும் மிக்ஸரோடு சேர்ந்திருக்கிறது. கையில் தந்தி, உதட்டில் மைக், நடுவில் நீங்கள். 1972 மே மாதம் ஸ்காட்லாந்தின் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டதும் இறந்துபோனது இப்படித்தான். செருப்பு இங்கே காப்பாற்றாது, மின்சாரம் கையிலிருந்து உதட்டுக்குப் போகிறது.

வயர்லெஸ் இந்தப் பாதையை அறுத்துவிடுகிறது. பெல்ட்பேக் சின்ன பேட்டரியில் ஓடுகிறது, தந்திக்கும் ஆம்புக்கும் நடுவில் கம்பியே இல்லை. பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர் வயர்லெஸ் வாங்க இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் எர்த்துக்கு அது மாற்று இல்லை. இடையில் ஆம்பின் குமிழைத் திருக நீங்கள் கை நீட்டுவீர்கள், கீபோர்டுகாரர் மைக்கைத் தொடுவார். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மேடை லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு மேடையிலும் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையைப் பாடகர் மைக்கின் வலையிலும் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை வாசிப்பதில்லை. கச்சேரி தாமதமானால் ஆகட்டும்.

தருமபுரி, குழு நடத்துபவர்: இரண்டு கிட்டார், ஒரு பேஸ். மூன்றையும் ஒரே ரேக்கில் போட்டால் ஒன்றுக்கொன்று இடிக்குமா? ரேக் பெட்டி இரும்புத் தகடு.

பதில்: இடிக்கும், மனம்போனபடி அலைவரிசை வைத்தால். 606, 607 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு டிரான்ஸ்மிட்டர் ஓடினால் அவை கலந்து 605-லும் 608-லும் பொய்ச் சிக்னல் பிறக்கும். மூன்றாவதை 608-ல் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எண்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள், ஒன்றுக்கொன்று இடிக்காதபடி கம்பெனியே செட்டில் போட்டிருக்கும் அலைவரிசைக் குரூப்பைப் பயன்படுத்துங்கள். மூன்றும் ஒரே குரூப், வெவ்வேறு சேனல், அவ்வளவுதான். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அலைவரிசை வகையாக இருந்தால் தலைவலி பாதி குறையும்.

பெட்டியைப் பற்றி: ஆண்டெனாவை இரும்புக்குள் விட்டால் அது காது பொத்தியவர் மாதிரி. பின்பக்கம் ஆண்டெனா இருக்கும் ரிசீவர் என்றால், முன்பக்கம் கொண்டுவரும் கிட் வாங்கி இரண்டையும் வி வடிவத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டு ஆண்டெனா இருப்பதே ஒன்றுக்குக் கேட்காதது மற்றதுக்குக் கேட்கத்தான், ஒட்டி வைத்தால் வீண். ஆண்டெனாவை ஸ்டாண்டில் தூக்கி வைக்க வேண்டும் என்றால் 50 ஓம் கேபிள் கேட்டு வாங்குங்கள். டிஷ் டிவி கேபிள் 75 ஓம். 2.4-லேயே இருக்க விரும்பினால் ஷூர் ஜிஎல்எக்ஸ்டி14ஆர் செட்டின் ரிசீவரில் ஆண்டெனா கழற்றலாம், ரேக்குக்கென்றே செய்தது. ஆனால் மூன்றுக்கு மேல் கூட்டும் எண்ணம் இருந்தால் யுஎச்எஃப்தான்.

பென்னாகரம், ராக் கிட்டார்: வயர்லெஸ் போட்டதும் என் ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிக் கருவி) கூசுகிறது.

பதில்: பழைய வகை ஃபஸ் பெடல்கள் கிட்டார் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) நேராகச் சேர்ந்தால்தான் இனிக்கும். நடுவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் வந்தாலும் கூர்மையாகிவிடும். நீளக் கேபிள் தின்னும் உச்ச ஒலியும் வயர்லெஸில் தின்னப்படாமல் வருகிறது. ரிசீவரில் கேபிள் டோன் (நீளக் கேபிளில் வருவது மாதிரி ஒலியை மாற்றும்) வசதி இருந்தால் ஆறு மீட்டர் அளவுக்கு வைத்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு பாட்டுக்குக் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம், புதிதாகக் கற்பவர்: பேட்டரி செலவு கட்டுப்படியாகுமா? கிட்டார் கேபிள் அறுந்தால் உள்ளூரில் பற்றவைக்கலாமா?

பதில்: ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல் வாங்குங்கள். அது 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் அளவு காட்டுவது பொய்யாக இருக்கும். கேபிளைப் பொறுத்தவரை கம்பெனிக்குக் கம்பெனி முனை வேறு. ஷூரில் நாலு பின், ஏகேஜியில் மூன்று பின், சென்ஹைசர் ஈடபிள்யூவில் திருகிப் பூட்டும் 3.5 மி.மீ. ஷூரின் ஒரு பின்னில் மைக்குக்கான 5 வோல்ட் வருகிறது. பழையதைத் திறந்து எது எதில் இருந்தது என்று போட்டோ எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். உபரியாக ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஒகேனக்கல் பக்கத்திலிருந்து ஒருவர்: ஆடிப்பெருக்கு மேடையில் மழை பிடித்துவிட்டது. பெல்ட்பேக் நனைந்தது. இப்போது விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை.

பதில்: முதலில் அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள், விளக்கு எரிகிறதே என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையரும் வெயிலும் வேண்டாம். அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால் கேபிள் முனையின் பின்களில் பச்சைப் படிந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இருக்காது, அந்த முனையில்தான் இருக்கும். வேர்வையாலும் இதேதான் நடக்கும், சித்திரை வைகாசி மேடைகளில் பெல்ட்பேக்கைத் துணிப் பையில் போட்டு ஸ்ட்ராப்பில் மாட்டுங்கள், இடுப்பில் வேண்டாம்.