லேக்லேண்டும் குஷ்டரோகியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2008இல் ஃப்ளோரிடாவில் நடந்த லேக்லேண்ட் எழுப்புதல் (நோய் தீர்க்கும் ஜெபக் கூட்டங்கள்) வீடியோக்களை இப்போதுதான் பார்த்தேன். அது தேவனுடைய செயலா? அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஆதாரம் கேட்டுக் குடைந்தது சபை மீதான தாக்குதல்தானே? கூட்டங்களை நடத்திய டாட் பென்ட்லி பச்சை குத்தியிருப்பதும் உறுத்துகிறது. என் சித்தி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த வீடியோக்களைத்தான் காட்டுகிறார்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பச்சையை விடுங்கள். அவர் தோல், அவர் பாடு.

அந்தக் கூட்டங்களை அப்போது காட் டிவி என்ற கிறிஸ்தவ சேனலில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவன் நான். ஏப்ரலில் ஐந்து நாள் கூட்டமாக ஆரம்பித்தது, மாதக்கணக்கில் நீண்டு பெரிய கூடாரம் போடுமளவுக்குப் போனது. ஒருவர் மேடையேறுவார், என்ன நோய் என்று பென்ட்லி கேட்பார், ‘பாம்!’ என்று கத்துவார், வந்தவர் மல்லாந்து விழுவார், அடுத்த ஆள். விழுந்தவருக்கு அடுத்த வாரம் டாக்டர் என்ன சொன்னார் என்பது மட்டும் திரையில் வரவே வராது. எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

ஜூலையில் ஏபிசியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சியும் அதைத்தான் கேட்டது. குணமானதாகச் சொன்னதில் ஒன்றைக்கூட அவர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. இதில் தாக்குதல் எங்கே வந்தது? கேள்வி கேட்டவுடன் ‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’, அதாவது ஊழியக்காரரைக் கேள்வி கேட்காதே என்று வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதே பைபிளில் இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு என்ன சொன்னார்? யாரிடமும் சொல்லாதே, முதலில் போய் ஆசாரியனிடம் (யூதக் குருவிடம்) உன்னைக் காண்பி. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 14ஐ எடுத்து நிதானமாகப் படியுங்கள். குஷ்டம் போய்விட்டதா என்று ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும், ஆள் துணி துவைத்துக் குளித்து ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியிலேயே கிடக்க வேண்டும், ஏழாம் நாள் புருவம் வரைக்கும் சிரைக்க வேண்டும், எட்டாம் நாள்தான் பலி. சுகமாக்கியவர் இயேசுவாகவே இருந்தும் அந்த ஆளுக்கு இத்தனை சோதனை! பென்ட்லிக்கு ‘பாம்’ போதுமாம்.

வெளியாள்தான் கேட்டான் என்பதும் சரியில்லை. ‘கரிஸ்மா’ என்ற கிறிஸ்தவப் பத்திரிகையின் ஆசிரியர் லீ கிரேடி, அதே ஆவிக்குரிய (பெந்தெகொஸ்தே) வட்டாரத்து ஆள், மே மாதமே கேட்டார். பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. ஜூன் 23 அன்று அந்த வட்டாரத்துத் தலைவர் பீட்டர் வாக்னர் உட்படப் பலர் மேடையேறிப் பென்ட்லியை ஆசீர்வதித்தார்கள். ஆகஸ்டில் பென்ட்லி மனைவியைப் பிரிகிறார் என்ற செய்தி வந்தது, ஊழியத்திலிருந்து விலகினார். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அவர் உத்தமராகவே வாழ்ந்திருந்தாலும், குணமானவர் எங்கே என்ற கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும்.

தேவனுடைய செயலா என்று கேட்டீர்கள், இல்லையா? அந்தக் கூடாரத்தில் எவனாவது மனமுடைந்து நிஜமாகவே ஜெபித்திருப்பான், அதை நான் எப்படி அளப்பேன்?

சித்தியிடம் வாதாட வேண்டாம், பாவம், பயந்துபோயிருப்பார். ஆனால் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எனக்குக் கடிதமா எழுதிக்கொண்டிருப்பது? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பாருங்கள். மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அந்தச் சீட்டோடு வந்து அவர் சாட்சி சொல்லட்டும், நானே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.