பதினாறாம் நாளுக்குப் பிறகு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பன்னிரண்டு பவர் டேபிள் (தையல் மெஷின்), சின்னதுதான். என்னிடம் வேலை பார்த்த கட்டிங் மாஸ்டரை எட்டு மாதத்துக்கு முன்னால் டாஸ்மாக் வாசலில் குத்திக் கொன்றுவிட்டார்கள். தகராறு அவருடையதல்ல, விலக்கிவிடப் போனவர். யூனிட்டிலும் தெருவிலும் வசூல் செய்து எழுபதாயிரம் கொடுத்தோம். இப்போது அவர் மனைவி ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். ப்ளஸ் ஒன் படித்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு செக்கிங் வேலைக்குப் போகிறாள். கொடுத்த பணம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையாம்.

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, இப்படி ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். வருஷத்துக்குப் பத்து லட்சம் திரட்ட முடியும். குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்று பேசிக்கொண்டோம். "குடிகாரன், ரவுடி வீட்டுக்கெல்லாம் கொடுக்கக் கூடாது, விசாரித்துத்தான் கொடுக்கணும்" என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் பல வருஷம் கோர்ட் செய்தி எழுதியவர். எப்படித் தொடங்கலாம், சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் ஆரம்பியுங்கள். விபத்துக்கும் வெள்ளத்துக்கும் படிப்புக்கும் உதவுகிற அமைப்புகள் நம்மிடம் ஏராளம். கொலை நடந்த வீட்டின் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. போலீஸ், கேஸ் என்று பயம். அந்த வீட்டுப் படியேற ஆறு பேர் தயாராக இருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். இழவு வீட்டுக்கு முதல் பதினாறு நாளில் வருகிற பணம் அந்த வீட்டில் தங்காது. கந்துவட்டிக்காரர் வருவார், ஏலச்சீட்டுக்காரர் வருவார், சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், காரியம் செய்ய வேண்டும். இரண்டாம் மாதம் வாடகை கேட்டு ஆள் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. வசூல் செய்து கொடுத்தவர்களும் அப்போது அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

வழக்கு அப்போதுதான் தொடங்கும். கைதானவர்கள் சிறையிலேயே இருந்தால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். பிறகு செஷன்ஸ் கோர்ட், வாய்தா மேல் வாய்தா. இரண்டு மூன்று ஆண்டுகள் சாதாரணமாக ஓடிவிடும். அதற்குள் குத்தியவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் சாயங்காலம் அவன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வருவார். "நடந்தது நடந்துபோச்சும்மா. புள்ளைகளைப் பாரு. ஒரு தொகை வாங்கித் தாறேன்" என்பார்.

கொலை வழக்கில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சாட்சி கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துச்சுங்க, சரியாப் பாக்கலை" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அரசு வழக்கறிஞர் எழுந்து பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சி, என்று அறிவிக்கக் கேட்பார். இதைச் செய்தியாளர் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிய மனைவியை, தாயை நான் ஒருபோதும் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று மாத வாடகை பாக்கியோடு அந்தப் பெரியவருக்கு "முடியாது" என்று சொல்லும் தெம்பு யாருக்கு வரும்? உங்கள் பணம் அந்தத் தெம்பைத் தர வேண்டும் என்பதுதான் என் ஆசை. பத்துக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் வீதம் கொடுப்பதை விட்டு, ஐந்து குடும்பத்துக்கு மாதம் ஐயாயிரம், மூன்று ஆண்டுகள் கொடுங்கள். ஒன்பது லட்சம் ஆகும்.

மிச்சமுள்ள ஒரு லட்சத்தைத் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசே கொடுக்க வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 396-ஆம் பிரிவு. இதன்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் அவர்கள் இரண்டு மாதத்தில் விசாரித்து முடித்து இழப்பீடு வழங்க வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனாலும் கேட்கலாம். செத்தவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராக இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் கணக்கே வேறு. மத்திய அரசின் 2016 திருத்த விதிகள் கொலைக்கு 8.25 லட்சம் என்று வைத்தன. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் மீதி. அதற்கு மேல் மனைவிக்கு மாத ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் அந்த விதியில் உண்டு.

நான் பேசிப் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இது எதுவுமே தெரியாது. தெரிந்த சிலரும் காகிதத்தில் சிக்கி நின்றார்கள். எஃப்.ஐ.ஆரில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொரு இனிஷியல், இறப்புச் சான்றிதழில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்காமல் வாரிசுச் சான்றிதழ் நகராது. அதற்காக ஒரு நாள் லீவு போட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. உங்கள் ஆறு பேரில் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ.வோ தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ இருந்தால் அவரைத்தான் நான் முதல் அறங்காவலராகப் போடுவேன்.

ஜெர்மனியில் 'வைசர் ரிங்' என்ற அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. குற்ற வழக்குகளைப் பற்றித் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய எட்வார்ட் சிம்மர்மன் என்பவர், வேறு சிலரோடு சேர்ந்து 1976-இல் மைன்ஸ் நகரத்தில் தொடங்கினார். தொண்டர்கள் பாதிக்கப்பட்டவர்களோடு அரசு அலுவலகங்களுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே போகிறார்கள். வக்கீலை முதல் தடவை பார்த்துப் பேசுவதற்கான செலவுக்குக் காசோலை மாதிரி ஒரு சீட்டும் கொடுக்கிறார்கள்.

கட்டிங் மாஸ்டரின் குடும்பத்துக்கு அறக்கட்டளை வரும்வரை காத்திருக்காதீர்கள். இழப்பீட்டு மனுவை இந்த வாரமே கொடுக்க வையுங்கள், இதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர் மகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவனை இழந்த தாயின் பிள்ளைகள் கேட்கலாம். வருமான வரம்பு இருக்கிறது, விசாரியுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. செத்தவன் யோக்கியனா என்று நீங்கள் விசாரிக்க ஆரம்பித்தால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவன் பிள்ளையாக இருக்கும். விலக்கிவிடப் போய்ச் செத்தவருக்கு ஊரே வசூல் செய்கிறது. புருஷன் சந்தேகப்பட்டு வெட்டிக் கொன்ற பெண்ணுக்கு யாராவது வசூல் செய்து பார்த்திருக்கிறீர்களா? "அவ எப்படியோ" என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா மண்ணில், அப்பா ஜெயிலில். நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டியிடம் வந்து சேர்கிறார்கள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் ஜெயிலில் இருக்கும் அப்பாதான். அந்தக் கார்டும் அப்பா வீட்டாரிடம் இருக்கும். பள்ளியில் பெற்றோர் கையெழுத்து என்றால் யார் போடுவது? இழப்பீடு வருகிறது என்று தெரிந்ததும் அதுவரை எட்டிப் பார்க்காத பங்காளிகள் பிள்ளைகளைக் கேட்டு வருவார்கள். இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றாவது உங்கள் ஐந்தில் எப்போதும் இருக்கட்டும். பணத்தைப் பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்கிப் போடுங்கள், ஃபீஸை நேரே பள்ளியில் கட்டுங்கள்.

சாட்சி சொன்னால்தான் பணம் என்று பேச்சுவாக்கில்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது. "டிரஸ்ட்டில் மாசாமாசம் பணம் வாங்கிக்கொண்டுதானே சாட்சி சொல்கிறாய்?" என்று குறுக்கு விசாரணையில் நிச்சயம் கேட்பார்கள். என்ன சாட்சி சொன்னாலும், சொல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகள் பணம் வரும் என்று முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். காசோலை கொடுக்கும் போட்டோ, ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், அவர் இறந்துபோயிருந்தாலும்கூட.

பதிவு வேலை சுலபம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம், பிறகு பான், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான அனுமதி. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. திருப்பூர் என்பதால் இதையும் சொல்கிறேன்: துணி வாங்கும் வெளிநாட்டு பையர் யாராவது நல்ல மனசோடு பணம் அனுப்புகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பத்திரத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் விதியை மட்டும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்
அக்கா