உதவி இயக்குநராகச் சேர்ந்து சினிமா கற்பது என்றால் என்ன?

ஓர் இயக்குநரிடம் சேர்ந்து, படம் எடுக்கும் வேலையைப் படப்பிடிப்புத் தளத்திலேயே கற்றுக்கொள்வதுதான் இது. மற்ற துறைகளில் இன்டர்ன்ஷிப் என்பார்களே, தமிழ் சினிமாவில் அதற்கு மிக நெருங்கியது உதவி இயக்குநர் வேலை.

ஏன் இப்படியொரு முறை? காட்சிகள் பெரும்பாலும் கதை வரிசையில் படமாவதில்லை. நாயகன் வாசல் கதவைத் திறப்பதை இன்று தெருவில் எடுப்பார்கள். அவன் உள்ளே நுழைவதைப் பத்து நாள் கழித்து அரங்கில் எடுப்பார்கள். சட்டைக் கை எத்தனை மடிப்பு, கடிகாரம் எந்தக் கையில், நெற்றியில் விபூதி கலைந்திருந்ததா என்றெல்லாம் குறித்துவைப்பவர் உதவி இயக்குநர். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு காட்சி துண்டு துண்டாகப் பிரிந்து மீண்டும் எப்படி ஒட்டுகிறது என்பது அந்த நோட்டில்தான் பிடிபடும்.

கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 500 பேருக்குச் சாம்பார் வைக்கப் புத்தகம் போதாது. காய் நறுக்கியபடியே, தலைமைச் சமையல்காரர் எப்போது புளியைக் கரைத்து ஊற்றுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தவருக்குத்தான் அது கைவரும். பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன் என்று தொழில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. சம்பளம்? தொடக்கத்தில் பெரும்பாலும் சொற்பம். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

உதவி இயக்குநராக இருக்காமல் இயக்குநராகவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. மணிரத்னம் நிர்வாகவியல் படித்துவிட்டு, யாரிடமும் உதவியாளராக இருக்காமல் படம் இயக்க வந்தவர்.