எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு வளர்ந்துவிட்டதா?

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஈறு அறுவை சிகிச்சை செய்து எலும்புத்தூள் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. எலும்பு வளர்ந்துவிட்டது என்று நம்பலாமா?”

வெள்ளையை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். மாட்டெலும்பிலிருந்து தயாரித்த தூள் மிக மெதுவாகத்தான் கரையும். வைத்த அன்றே படம் எடுத்தாலும் அந்த இடம் வெள்ளையாகத்தான் தெரியும். (மாட்டெலும்பு வேண்டாம் என்பவர்கள் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் தூளும் உண்டு.) ஆகவே ஒப்பிட வேண்டியது மூன்று படங்களை: அறுவைக்கு முன், தூள் வைத்தவுடன், பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில்.

படத்தில் அளவு எடுப்பது எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து. அந்தக் கோடு நகராது. உதாரணமாக, அறுவைக்கு முன் கோட்டிலிருந்து எலும்பு விளிம்புக்கு 4 மி.மீ., பல்லை ஒட்டி எலும்பு கரைந்து விழுந்த பள்ளத்தின் அடிக்கு 9 மி.மீ. என்றால் பள்ளத்தின் ஆழம் 5. இப்போது அடி 6, விளிம்பு 5 என்று வந்தால் மிஞ்சிய ஆழம் 1. “80 சதவீதம் சரியாகிவிட்டது” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அடியிலிருந்து நிரம்பியது 3 மி.மீ. மட்டுமே, அதாவது 60 சதவீதம். மீதி 1 மி.மீ. விளிம்பு தேய்ந்ததால் குறைந்த ஆழம். அது வளர்ச்சி அல்ல, இழப்பு. உங்கள் மருத்துவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கோணம் மாறினாலும் கணக்கு கெடும். பிலிமைப் பல்லுக்கு இணையாகப் பிடிக்கும் ஹோல்டரை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் கோட்டிலிருந்து வேர் நுனி வரையான நீளத்தை இரண்டு படத்திலும் அளந்து பாருங்கள். பழையதில் 14, புதியதில் 15 என்றால் கோணம் மாறியிருக்கிறது, 1 மி.மீ. வித்தியாசத்தை வளர்ச்சி என்று கொள்ள முடியாது. தனியார் கிளினிக்கிலிருந்து நேஷனல் டென்டல் சென்டருக்குப் போகிறவர்கள் எக்ஸ்-ரேயின் மூல ஃபைலையே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து அளக்க முடியாது.

இன்னொன்று, எக்ஸ்-ரே பக்கவாட்டுப் படம்தான். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருக்கும் எலும்பு வேரின் நிழலில் மறைந்துவிடும். முப்பரிமாண ஸ்கேன் அதைக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு கூடுதல், உலோகக் கிரௌன் பக்கத்தில் இருந்தால் படம் சிதறும். வேர்கள் பிரியும் இடத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்தால் போதும்.

படத்தோடு புரோப் அளவும் வேண்டும், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் (ஈற்றுப் பை) மெல்லிய அளவுகோலை விட்டு ஆழம் பார்ப்பது. ஈற்றுப் பையின் ஆழம் 8-லிருந்து 4-ஆகக் குறைந்தது நல்லதுதான், ஆனால் ஈறு 2 மி.மீ. கீழிறங்கியிருந்தால் பல்லோடு உண்மையில் ஒட்டியது 2 மட்டுமே. கை அழுத்தம் மாறினால் 1 மி.மீ. பிழை சாதாரணமாகவே வரும். அறுவை முடிந்து ஆறு மாதம் ஆவதற்குள் புரோப் செய்தால் புதுத் திசு கிழியக்கூடும், அவசரப்படுத்தாதீர்கள்.

எக்ஸ்-ரேயில் தெரியாத ஒன்றும் உண்டு: புது எலும்பை வேரோடு இணைக்கும் நார்கள் உருவாயினவா என்பது. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அது தெரியும். அதற்காக யாரும் பல்லைப் பிடுங்கப் போவதில்லை. ஆகவே ஈற்றுப் பையின் ஆழம் 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு, தொட்டால் ரத்தம் இல்லை, அடுத்த ஆண்டுப் படத்திலும் அதே எலும்பு மட்டம் என்றால் பல் நிலையாக இருக்கிறது என்று கொள்ளலாம்.